படிக்க வைத்த ஊருக்கு டாக்டர் திரும்புவாரா?

கிராமத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது. கட்டிடம் இருக்கிறது. கட்டில் இருக்கிறது. மருந்து அலமாரி இருக்கிறது. நர்சும் இருக்கிறார்.

டாக்டர் நாற்காலி மட்டும் காலியாக இருக்கிறது!

காய்ச்சல்காரப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். "டாக்டரய்யா எப்ப வருவாருங்க, நர்சம்மா?" என்று கேட்கிறாள். "நாளைக்கு வந்து பாரும்மா" என்று பதில் வருகிறது. காய்ச்சல் நாளை வரை காத்திருக்குமா?

இது ஏதோ ஒரு ஊரின் கதை அல்ல. ஏழை நாடுகளில் உள்ள கதை. பணக்கார நாடுகளிலும் உள்ள கதை. டாக்டர்கள் பட்டணத்தில் படிக்கிறார்கள். பட்டணத்திலேயே தங்கிவிடுகிறார்கள். வயலும் வரப்பும் உள்ள இடத்துக்கு வருவதற்கு ஆள் இல்லை.

இதற்கு ஒரு வழி வெகு காலமாகச் சொல்லப்படுகிறது. கிராமத்துப் பிள்ளையைத் தேடிப் பிடி. உபகாரச் சம்பளம் கொடு. டாக்டருக்குப் படிக்க வை. படித்து முடித்ததும் கிராமத்துக்கு அனுப்பு. அவ்வளவுதான்!

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால், செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், இதில் எத்தனை முடிச்சு இருக்கிறது என்று. தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி இப்போது வாசலுக்கே வந்துவிட்டது.

ஏழரை சதவீதம்

2020-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் தமிழ்நாடு சட்டசபையில் ஒரு மசோதா நிறைவேறியது. அக்டோபர் 30-ந் தேதி கவர்னர் ஒப்புதல் கொடுத்தார். 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்து, "நீட்" பரீட்சையிலும் தேறிய பிள்ளைகளுக்கு, மருத்துவப் படிப்பில் நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம்.

அதற்கு முந்திய ஆண்டு வரை, அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். படிப்புக்குப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த ஆண்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் இந்தப் பிள்ளைகளுக்கு வந்தன.

ஆனால், இடம் கிடைத்தால் போதுமா? பணம் வேண்டாமா?

அந்த ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு வேதனை நடந்தது. சில பிள்ளைகளுக்குத் தனியார் கல்லூரியில்தான் இடம் கிடைத்தது. அங்கே கட்டணம் ஆண்டுக்கு லட்சக் கணக்கில். கூலி வேலை செய்யும் தகப்பன் அதற்கு எங்கே போவான்? "எங்களால் முடியாது" என்று சொல்லி, கையில் வந்த இடத்தை விட்டுவிட்டுச் சிலர் ஊர் திரும்பினார்கள். அதன் பிறகுதான், கட்டணத்தை அரசாங்கமே கட்டும் என்ற அறிவிப்பு வந்தது. ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் அழுதிருக்க மாட்டார்கள்.

சட்டத்தை எதிர்த்து வழக்கும் நடந்தது. சட்டம் செல்லும் என்று சென்னை ஐகோர்ட்டு 2022-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் தீர்ப்புச் சொன்னது.

எம்.பி.பி.எஸ். படிப்பு, பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு. 2020-ம் ஆண்டு இடம் பெற்ற முதல் கூட்டத்துக்குப் படிப்பு முடிவது 2026-ஐ ஒட்டி. ஆக, கேள்வி வந்துவிட்டது. இவர்கள் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் உட்காரப் போகிறார்கள்?

இந்தச் சட்டம் இடம் கொடுக்கிற சட்டம். படித்தவர்கள் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதைக் குறை என்று சொல்வதற்கும் இல்லை. பணக்கார வீட்டுப் பிள்ளை எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஏழை வீட்டுப் பிள்ளை மட்டும் காட்டுக்குப் போக வேண்டும் என்றால், அது என்ன நியாயம்? ஆனாலும் ஊர் எதிர்பார்க்கிறது. "நம்ம வாத்தியாரிடம் படித்த பிள்ளை, நமக்கு வைத்தியம் பார்க்க வரும்" என்று எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பு நடக்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்?

பத்திரம் பிடித்து வைக்குமா?

பல பேர் உடனே சொல்லும் பதில்: "பத்திரம் எழுதி வாங்கு!"

இத்தனை ஆண்டு சர்க்கார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன், தவறினால் இத்தனை லட்சம் ரூபாய் கட்டுகிறேன் என்று படிக்கும்போதே கையெழுத்து வாங்கிக்கொள்வது. இந்தியாவில் பல மாநிலங்களில் இந்த வழக்கம் உண்டு. டாக்டர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2019-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சுப்ரீம் கோர்ட்டு, இப்படிப் பத்திரம் வாங்குவது செல்லும் என்று தீர்ப்பளித்தது.

சட்டப்படி செல்லும். சரி. ஆனால், நோயாளிக்குச் செல்லுமா?

வசதியுள்ளவர் பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விடுவார். வசதி இல்லாதவர்தான் மாட்டிக்கொள்வார். அவரும் திங்கட்கிழமை பெட்டியோடு வந்து, வெள்ளிக்கிழமை பெட்டியோடு போவார். காலண்டரில் நாளைக் கிழித்துக்கொண்டே இருப்பார். இப்படிப்பட்ட டாக்டரிடம் ஒரு கிழவி தன் மூட்டு வலியைச் சொன்னால், காது கேட்குமே தவிர மனசு கேட்காது.

டாக்டரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. இருபத்து நாலு வயசுப் பிள்ளை. தனியாக ஓர் ஊரில். ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவம் சிக்கலாகிறது. கேட்பதற்குப் பக்கத்தில் பெரிய டாக்டர் இல்லை. ரத்தம் இல்லை. ஏதாவது ஆகிவிட்டால் ஊர் கூடி வாசலில் நிற்கிறது. கல்யாணம் ஆனால் மனைவிக்கோ கணவனுக்கோ அந்த ஊரில் வேலை இல்லை. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பத்திரம் இந்தக் கஷ்டங்களில் ஒன்றையும் தீர்ப்பதில்லை.

அப்படியானால் வேறு வழி உண்டா? இரண்டு நாடுகளில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஒன்று தென் ஆப்பிரிக்கா. மற்றொன்று ஜப்பான். ஒன்றில் தொடக்கத்தில் பணமே இல்லை. மற்றொன்றில் பணத்துக்குக் குறைவே இல்லை.

இங்வாவுமா

தென் ஆப்பிரிக்காவில் டர்பன் என்ற துறைமுகப் பட்டணம் இருக்கிறது. 1860-ம் ஆண்டு முதல் கரும்புத் தோட்ட வேலைக்காகத் தமிழர்கள் கப்பலேறிப் போய் இறங்கிய ஊர். அங்கிருந்து வடக்கே பல மணி நேரம் பயணம் செய்தால், மலைமேல் இங்வாவுமா என்ற சிறு ஊர் வரும். அதற்கு அப்பால் எல்லை, பக்கத்து நாடு. ஜூலு மொழி பேசும் ஏழை ஜனங்கள் வாழும் பகுதி.

அந்த ஊரில் மோஸ்வோல்டு ஆஸ்பத்திரி என்று ஓர் ஆஸ்பத்திரி. டாக்டர் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்தாலும் வெளிநாட்டுக்காரராக இருப்பார். ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு இருப்பார், போய்விடுவார். அவருக்கு ஜூலு தெரியாது. நோயாளி சொல்வதை நர்சு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பெண் தன் உடம்பின் ரகசியத்தை மூன்றாம் ஆளை நடுவில் வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வாள்?

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. படித்து முடித்த டாக்டர் ஓர் ஆண்டு அரசு ஆஸ்பத்திரியில் கட்டாயம் வேலை பார்க்க வேண்டும் என்று 1998-ம் ஆண்டு உத்தரவு போட்டது. ஓர் ஆண்டு ஆனதும் அவர்களும் போய்விட்டார்கள்.

அந்த ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டராக இருந்தவர் ஆண்ட்ரூ ராஸ். அவர் ஒரு முடிவுக்கு வந்தார். "வெளியிலிருந்து வருகிறவன் போய்விடுவான். இந்த மண்ணில் பிறந்தவனை டாக்டராக்கினால்தான் நிற்பான்" என்பதே அந்த முடிவு.

அப்போது பலரும் சிரித்திருப்பார்கள். அந்தப் பகுதிப் பள்ளிக்கூடங்களின் நிலைமை அப்படி. விஞ்ஞான வாத்தியார் சரியாக இல்லாத பள்ளி. பரிசோதனைச் சாலை இல்லாத பள்ளி. அங்கிருந்து டாக்டரா?

1999-ம் ஆண்டு, ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு உபகாரச் சம்பளத் திட்டம் தொடங்கியது. பிறகு அது வளர்ந்து பல ஆஸ்பத்திரிகளுக்குப் பரவி, "உம்தோம்போ" என்ற பெயர் பெற்றது. ஜூலு மொழியில் அதற்கு "ஊற்று" என்று பொருள்.

லீவில் எங்கே போகிறாய்?

இந்தத் திட்டத்தின் சூட்சுமம் பணத்தில் இல்லை. மற்றக் காரியங்களில்தான் இருக்கிறது.

முதலாவது, பிள்ளையைத் தேர்ந்தெடுப்பது யார்? பட்டணத்து ஆபீஸ் அல்ல. உள்ளூர்க் கமிட்டி. அதில் ஆஸ்பத்திரிக்காரர்கள் இருப்பார்கள். ஊர்ப் பெரியவர்களும் இருப்பார்கள். "இன்னார் மகன், இன்ன தெரு" என்று தெரிந்தவர்கள் கேள்வி கேட்கிறார்கள். உபகாரச் சம்பளம் கேட்கும் பிள்ளை, அதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்கு வந்து, சம்பளம் இல்லாமல் வேலை செய்து பார்க்க வேண்டும். ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுகிறவன் அங்கேயே தெரிந்துகொள்ளலாம், தனக்கு இது ஒத்து வருமா என்று! ஆறு வருஷம் கழித்துத் தெரிவதைவிட இது எவ்வளவோ மேல்.

தேர்ந்த பிள்ளைக்குக் கட்டணம், புத்தகம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் திட்டம் கொடுக்கும். எத்தனை ஆண்டு உதவி வாங்கினாரோ, அத்தனை ஆண்டு ஊர்ப்பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு. இதுவும் ஒரு பத்திரம்தான்.

இரண்டாவது காரியம் லீவு. மற்ற மாணவர்கள் லீவில் ஊர் சுற்றப் போவார்கள். இவர்கள் ஒவ்வோர் ஆண்டும் லீவில் நாலு வாரம் சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வேண்டும்.

இந்த நாலு வாரம் சின்ன விஷயமாகத் தோன்றும். யோசித்துப் பார்த்தால் இதுதான் அஸ்திவாரம். முதலாண்டு மாணவன் லீவில் வந்தால் என்ன செய்வான்? நோயாளியைத் தள்ளுவண்டியில் தள்ளுவான், டாக்டர் பின்னால் நடப்பான், பேச்சைக் கவனிப்பான். இரண்டாம் ஆண்டு வரும்போது ரத்த அழுத்தம் பார்ப்பான். நாலாம் ஆண்டு வரும்போது பிரசவ அறையில் கை கொடுப்பான். ஆறு ஆண்டு முடித்து டாக்டராக வரும்போது அவனுக்கு அது புது ஊர் அல்ல, புது ஆஸ்பத்திரி அல்ல. நர்சுகளுக்கு அவன் முகம் தெரியும். எந்த மருந்து எந்த அலமாரியில் என்று அவனுக்குத் தெரியும். ஊர்க் கிழவிகளுக்கோ, அவன் இன்னார் பேரன்!

மூன்றாவது, அழும்போது கண்ணைத் துடைக்க ஓர் ஆள். கிராமத்துப் பள்ளியிலிருந்து பட்டணத்துக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை முதல் ஆண்டிலேயே திணறிவிடுகிறது. பாடம் இங்கிலீஷில். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் பெரிய பள்ளியில் படித்தவன். வீட்டிலிருந்து அவசரத்துக்குப் பணம் வராது. சாவுச் செய்தி மட்டும் வரும். இப்படி எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் பாதியில் பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். ஆகையால், ஒவ்வொரு மாணவனையும் விசாரிக்க ஆள் வைத்தார்கள். "பரீட்சை எப்படி? எந்தப் பாடத்தில் தடுமாற்றம்? வாத்தியாரைப் போய்ப் பார்த்தாயா? சாப்பிட்டாயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பதே அவர்கள் வேலை.

"இந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளா?" என்று எண்ணப்பட்டவர்கள், பத்துக்கு ஒன்பது என்ற கணக்கில் பரீட்சைகளில் தேறினார்கள். டாக்டர்கள், நர்சுகள், மருந்தாளர்கள், பல் வைத்தியர்கள் என்று 200-க்கு மேற்பட்டவர்கள் இந்த ஊற்றிலிருந்து படித்து வெளியே வந்திருக்கிறார்கள். கடமைக் காலம் முடிந்த பிறகும் கிராமத்து ஆஸ்பத்திரியிலேயே தங்கியவர்கள் அவர்களில் உண்டு.

எல்லாரும் தங்கினார்களா? இல்லை. மேல்படிப்புக்குப் போனவர்கள் உண்டு. பட்டணத்துக்குப் போனவர்களும் உண்டு. மனிதர்கள்தானே!

இதைவிடப் பெரிய சோகம் வேறொன்று. 2024-ம் ஆண்டு வாக்கில் தென் ஆப்பிரிக்காவில், படித்து முடித்த டாக்டர்கள் பலருக்கு வேலை கொடுக்க அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பணம் இல்லை என்ற நிலை ஏற்பட்டது. டாக்டர்கள் வேலை கேட்டுத் தெருவில் நின்றார்கள். ஒரு பக்கம் காலி நாற்காலி. மறு பக்கம் வேலை இல்லாத டாக்டர். பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்கள், சம்பளப் பட்டியலையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் கதை இப்படித்தான் முடியும்.

ஜப்பான் போட்ட கணக்கு

ஜப்பான் பணக்கார நாடு. ஆனால், ஜனங்கள் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் போய்க் குவிந்ததால் மலைக் கிராமங்களும் தீவுகளும் டாக்டர் இல்லாமல் தவித்தன. 1972-ம் ஆண்டு அந்த நாட்டின் மாகாணங்கள் எல்லாம் கூடி, டோக்கியோவுக்கு வடக்கே தொச்சிகி மாகாணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியைத் தொடங்கின. பெயர் ஜிச்சி. கிராம டாக்டர்களை உண்டாக்குவதற்கென்றே தனிக் கல்லூரி!

47 மாகாணங்களும் ஆளுக்கு இரண்டு அல்லது மூன்று மாணவர்களை ஆண்டுதோறும் அனுப்புகின்றன. முதல் பரீட்சையை அந்தந்த மாகாணமே நடத்துகிறது. ஆறு ஆண்டு படிப்பு. எல்லாரும் கல்லூரி விடுதியில்தான் தங்க வேண்டும். கட்டணம் முழுவதும் கடனாகக் கொடுக்கப்படும். படித்த காலத்தைப் போல் ஒன்றரை மடங்கு, அதாவது 9 ஆண்டு, சொந்த மாகாண கவர்னர் சொல்லும் இடத்தில் வேலை பார்த்தால், கடன் தள்ளுபடி. நடுவில் விட்டுப் போனால், மொத்தத்தையும் வட்டியோடு எண்ணி வைக்க வேண்டும்.

9 ஆண்டு! கேட்டாலே மலைப்பாக இருக்கிறது. ஆனால், 9 ஆண்டும் காட்டிலே கிட என்று சொல்வதில்லை. முதலில் பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி. பிறகு கிராமம் அல்லது தீவு. நடுவில் மறுபடி பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி. மறுபடி கிராமம். ஏறக்குறையப் பாதிக் காலம் கிராமத்தில் போகும். தனித் தீவில் இருக்கிற இளம் டாக்டருக்குச் சந்தேகம் வந்தால், முன்பு அதே தீவில் இருந்த அண்ணன்மார் மாகாண ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். போனில் கேட்கலாம். ஜிச்சியில் படித்தவர் 4,000-க்கு மேல். அவர்களுக்குள் ஒரு குடும்பப் பாசம் உண்டு.

பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கடமையை முழுவதும் முடித்திருக்கிறார்கள். முடித்த பிறகு பலர் பட்டணத்துக்குப் போகிறார்கள். ஆனாலும், மற்றக் கல்லூரி டாக்டர்களோடு ஒப்பிட்டால், இவர்கள் கிராமத்தில் இருப்பது ஏறக்குறைய நாலு மடங்கு அதிகம். பெரும்பாலோர் சொந்த மாகாணத்தை விட்டுப் போகவில்லை.

இதிலும் கஷ்டம் இல்லாமல் இல்லை. ஒரு மாகாணத்துப் பையனும் வேறொரு மாகாணத்துப் பெண்ணும் விடுதியில் பழகிக் கல்யாணம் செய்துகொண்டால் என்ன செய்வது? அவனுக்கு வடக்கே 9 ஆண்டு. அவளுக்குத் தெற்கே 9 ஆண்டு! இரண்டு மாகாணங்களும் பேசி ஒரு வழி செய்ய வேண்டியிருக்கிறது. காதலுக்குக் கவர்னரின் அனுமதி!

சுனாமி வந்த நாள்

2011-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி பிற்பகல் ஜப்பானில் பயங்கரப் பூகம்பம் ஏற்பட்டது. பின்னாலேயே சுனாமி வந்தது. மினாமி சன்ரிக்கு என்ற கடலோர ஊர் அழிந்தது. அந்த ஊரில் ஐந்து தட்டு ஆஸ்பத்திரி ஒன்று. தண்ணீர் நாலாம் தட்டு வரை ஏறிவிட்டது.

அங்கே இருந்த இளம் டாக்டர் தக்கேஷி கன்னோ. வயது 31. ஜிச்சியில் படித்தவர். அந்த 9 ஆண்டுக் கடமைக் காலத்தில்தான் அந்த ஊரில் இருந்தார். அவரும் மற்றவர்களும் நோயாளிகளை மேல் தட்டுக்குத் தூக்கினார்கள். தூக்க முடிந்தவர்கள் பிழைத்தார்கள். பலரைத் தண்ணீர் கொண்டு போய்விட்டது. ஹெலிகாப்டர் வந்தது. நோயாளிகள் எல்லாரும் போகும் வரை தான் ஏற மாட்டேன் என்று கன்னோ நின்றார். வீட்டில் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி. அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே அந்த அம்மாளுக்குத் தெரியாது. அவர் வீடு போய்ச் சேர்ந்த பிறகு, சில நாட்களில் குழந்தை பிறந்தது. அந்த ஆண்டு உலகத்தின் முக்கியமான 100 பேர் பட்டியலில் அமெரிக்காவின் "டைம்" பத்திரிகை அவர் பெயரைச் சேர்த்தது.

பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதற்காக ஒருவர் இப்படி நிற்பதில்லை. அது அவரவர் மனசு. ஆனால், அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் அன்றைக்கு அந்தக் கடலோர ஊரில் அவர் இருந்திருப்பாரா? இருந்திருக்க மாட்டார். பத்திரம் ஆளைக் கொண்டு வந்து சேர்க்கிறது. அதற்கு மேல் நடக்கிறது எல்லாம் வேறு கணக்கு.

வேலூர் வழி

இந்த வேறு கணக்கு தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-ம் ஆண்டிலேயே குடியாத்தம் சாலையில் காரில் போய், மரத்தடியில் நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தார். 1918-ம் ஆண்டு பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது.

அந்தக் கல்லூரியில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் இருந்துவருகிறது. தொலைவில் உள்ள மிஷன் ஆஸ்பத்திரிகளின் சபைகள் மாணவர்களுக்குப் பரிந்துரை கொடுக்கும். படித்து முடித்தவர் அந்த ஆஸ்பத்திரிகளில் இரண்டு ஆண்டு சேவை செய்ய வேண்டும். முதல் ஆண்டு மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கி, வீடு வீடாக ஏறி விசாரிக்க வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கக்கூசு உண்டா, எத்தனை பிள்ளை, எத்தனை பிள்ளை தவறிப்போனது என்று கேட்டு எழுத வேண்டும். ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டுவதற்கு முன்னால், காதால் கேட்கப் பழகுகிறார்கள்.

இப்போது தேசிய மருத்துவக் கமிஷனும், ஒவ்வொரு மருத்துவ மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்து எடுத்துக்கொண்டு படிப்புக் காலம் முழுவதும் போய்ப் பார்க்க வேண்டும் என்று விதி செய்திருக்கிறது. நல்ல விதி. ஆனால், பஸ்ஸில் கூட்டமாகப் போய், கையெழுத்துப் போட்டுவிட்டு, கூட்டமாகத் திரும்பினால் அது தத்து ஆகாது, சுற்றுலா ஆகும். அந்தந்தக் கல்லூரி எப்படி நடத்துகிறது என்பதைப் பொறுத்தது.

எது பாக்கி?

நியாயமாகச் சொன்னால், வடநாட்டு மாநிலங்கள் பலவற்றைப் பார்க்கிலும் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களின் நிலைமை மேல். அதற்கு ஒரு காரணம் உண்டு. சர்க்கார் வேலையில் உள்ள டாக்டர்களுக்கு மேல்படிப்பில் பாதி இடம் ஒதுக்கும் வழக்கம் இங்கே இருந்தது. கிராமத்தில் வேலை பார்த்தால் எம்.டி. படிக்கலாம் என்ற ஆசை பல இளம் டாக்டர்களைக் கிராமத்துக்குக் கொண்டுவந்தது. இடையில் இந்த வழக்கத்துக்குத் தடை வந்தது. அப்படி ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. பத்திரத்தின் பயத்தைவிட, மேல்படிப்பின் ஆசை கெட்டியான கயிறு என்பதை இது காட்டுகிறது.

ஆனாலும், மலை ஊர்களிலும் ஓரத்து ஊர்களிலும் குறை தீரவில்லை. பிரசவ டாக்டர், குழந்தை டாக்டர், மயக்க மருந்து டாக்டர் என்றால் தேட வேண்டியிருக்கிறது.

ஏழரை சதவீதப் பிள்ளைகள் இங்கேதான் முக்கியமாகிறார்கள். இங்வாவுமாவில் தேடிப் பிடித்த மாதிரியான பிள்ளைகள், தமிழ்நாட்டில் நூற்றுக் கணக்கில், தாமாகவே வந்து நிற்கிறார்கள். கட்டணத்தை அரசாங்கம் கட்டுகிறது. ஆனால், லீவில் இந்தப் பிள்ளை எங்கே போகிறது? சொந்தத் தாலுகா ஆஸ்பத்திரியில் நாலு வாரம் வேலை பார்க்க ஏதாவது ஏற்பாடு உண்டா? அந்த ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டருக்கு, "நம் ஊர்ப் பெண் ஒருத்தி மூன்றாம் ஆண்டு படிக்கிறாள்" என்பது தெரியுமா?

தமிழில் பிளஸ்-டூ முடித்துவிட்டு, தலையணை அளவு இங்கிலீஷ் புத்தகத்தில் எலும்பின் பெயர்களைப் படிக்கிற பையனிடம், "எந்தப் பாடத்தில் தடுமாற்றம்?" என்று கேட்க ஒருவர் இருக்கிறாரா? நல்ல பேராசிரியர் அமைந்தால் உண்டு. அமையாவிட்டால் இல்லை. அதிர்ஷ்டத்தை நம்பி விடுகிற காரியமா இது?

உலக சுகாதார நிறுவனம் 2010-ம் ஆண்டும், மறுபடி 2021-ம் ஆண்டும் நாடுகளுக்கு யோசனை சொன்னது. கிராமத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள். கிராமத்தில் பயிற்சி கொடு. சேவை நிபந்தனையோடு உபகாரச் சம்பளம் கொடு. தங்க வீடும், மேல்படிப்புக்கு வழியும் செய்து கொடு என்பவை அந்த யோசனைகளில் சில. இதில் முதல் யோசனையைத் தமிழ்நாடு சட்டமாகவே செய்துவிட்டது. மற்றவற்றுக்குப் பெரிய சட்டம் வேண்டாம். லீவுப் பயிற்சிக்கு ஒரு சுற்றறிக்கை போதும். பேருந்துக் கட்டணமும் சாப்பாட்டுப் படியும் கொடுத்தால் பிள்ளைகள் வருவார்கள். கல்லூரிக்கு ஒரு பேராசிரியரை இந்தப் பிள்ளைகளை விசாரிப்பதற்கென்று நியமித்தால் போதும்.

முதல் கூட்டம் போய்விட்டது. அவர்களுக்கு லீவு முடிந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் இன்னும் கல்லூரியில் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சிலநூறு பேர் சேருகிறார்கள். அடுத்த லீவுக்கு அவர்கள் ஊருக்கு வரும்போது, தாலுகா ஆஸ்பத்திரி வாசலில் டாக்டருக்காகக் காத்திருப்பவர்கள் வரிசையில் அவர்கள் பாட்டியும் உட்கார்ந்திருப்பாள்.